பட்டியலில் இல்லாத கடல்

கேள்வி: அண்ணே, எங்கள் எஸ்டேட் பேருந்தில் பிள்ளைகள் போடுவதெல்லாம் கொரிய இசைக்குழுவான பிடிஎஸ்ஸின் ஹிட் பாட்டுகள்தான். அதிகம் பேர் கேட்காத ஒன்றைச் சொல்லுங்களேன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: 'கடல்' கேளுங்கள் தங்கச்சி. கொரிய மொழியில் 'பாதா'. 2017-இல் வந்த 'லவ் யுவர்செல்ஃப்: ஹெர்' ஆல்பத்தின் சிடியில், பாட்டுப் பட்டியலில் பெயர்கூடப் போடாமல் கடைசியில் ஒளித்து வைத்த பாட்டு அது, அதனால் இணையத்தில் மட்டும் ஆல்பத்தைக் கேட்டவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போனது. சின்ன கம்பெனியிலிருந்து வந்து பட்ட பாட்டையெல்லாம் கடலையும் பாலைவனத்தையும் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். ஆட வைக்கிற பாட்டில்லை. விடியற்காலை, பெரட்டுக்கு ஆள் கிளம்பும் நேரத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டேன், காப்பி ஆறியதே தெரியவில்லை. அப்புறம், ஜப்பானின் உதாடா ஹிகாருவின் 1999 ஆல்பம் 'ஃபர்ஸ்ட் லவ்'. எல்லாரும் தலைப்புப் பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், அதற்கு முந்தைய 'இன் மை ரூம்' பாட்டையும் விடாதீர்கள்.