வீட்டில்தான் இருப்பாள்

கேள்வி: எங்களுக்கு ஏழு வாரப் பெண் குழந்தை. வேலை மாற்றலால் அடுத்த மாதம் வேறு நகரத்துக்குக் குடிபெயர்கிறோம். கார் இல்லாமல், எல்லாவற்றுக்கும் நடந்தே போகக்கூடிய இடத்தில் மகள் வளர வேண்டும் என்பது என் ஆசை. நகரின் பழைய பகுதியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. ரயில் நிலையம் 4 நிமிட நடை, நூலகம் 7, பூங்கா 9 (நடுவே ஒரு பெரிய சாலை), கடைத்தெரு 10, குழந்தை மருத்துவர் 22. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தேன், அப்படி ஓர் அமைதி! மனைவி எப்படியும் முதல் ஒரு வருடம் வீட்டில்தான் இருப்பாள் என்பதால் அவளை அலைக்கழிக்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். நண்பர்களோ, கைக்குழந்தை இருந்தால் புறநகரில் பெரிய வீடும் காரும்தான் சரி என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும். என் முடிவு சரிதானே?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நிமிடக் கணக்கு ஐந்து இடங்களுக்கு இருக்கிறது. மனைவி ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார், அதுவும் ‘வீட்டில்தான் இருப்பாள்’ என்று. நகரமா புறநகரா என்ற வழக்கை உங்கள் நண்பர்களோடு பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

நடக்கும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று வீடு தேடுகிறீர்கள். நடக்கப் போவது யார்? நீங்கள் காலையில் நான்கு நிமிடம் நடந்து ரயில் ஏறுவீர்கள், இருட்டிய பிறகு நான்கு நிமிடம் நடந்து திரும்புவீர்கள். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் அலுவலகத்தில். பூங்காவில் வெயில் தாழும் நேரத்திலும் அலுவலகத்தில்தான். அப்படியென்றால் அந்தப் பூங்காவும் கடைத்தெருவும் மருத்துவரும் யாருக்காக? வீட்டில்தான் இருப்பாள் என்று நீங்களே எழுதிய அந்தப் பெண்ணுக்காக! ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் நடக்கப் போகிறவர் தெருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நாளெல்லாம் அதில் கால்வைக்கப் போகிறவருக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

இது எனக்குப் புதிய கடிதமும் அல்ல. ஊர் மாறும், குழந்தையின் வயது மாறும், ‘அலைக்கழிக்க வேண்டாம் என்று’ என்ற கரிசனம் மட்டும் மாறாது. ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு ஒரு வருட அலைச்சலைத் தலையில் கட்டுகிற கரிசனம்.

மூன்றாவது மாடியை இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். நான் தாண்டுவதாக இல்லை. மாடிக்கு 18 படி என்றாலும் 54 படி. காலை பதினொரு மணி என்று வைத்துக்கொள்வோம். இடுப்பில் குழந்தை, தோளில் மாற்றுத் துணியும் தண்ணீரும் வைத்த பை, வாசலில் மடக்கிய தள்ளுவண்டி. வண்டியை முதலில் கீழே கொண்டுபோனால் குழந்தை மேலே தனியாகக் கிடக்கும். குழந்தையை முதலில் கொண்டுபோனால் கீழே யாரிடம் கொடுப்பது? புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதையில் படகோட்டிக்காவது ஒரு விடை உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் வண்டியைத் தடதடவென்று படிக்குப் படி இழுத்து இறங்குவார். கைப்பிடியைப் பற்றிக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. முதல் மாடி வந்ததும் குழந்தை பால் கக்கும். துணி மாற்றத் திரும்பவும் மேலே. அன்றைய பூங்கா அத்தோடு முடிந்தது. இப்படி நான்கு நாள் போனால் ஐந்தாம் நாள் அவர் உண்மையிலேயே வீட்டில்தான் இருப்பார். உங்கள் வாக்கு பலித்துவிடும்.

குழந்தையும் இப்படியே இருந்துவிடப் போவதில்லை. பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். மூன்று கிலோவில் பிறந்தவள் முதல் பிறந்தநாளன்று ஒன்பது கிலோ. படிகள் அதே 54.

அடுத்து, அந்த நிமிடங்கள் யாருடைய கால் கணக்கு? அலைபேசி வரைபடம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் கைவீசிப் போகும் ஆளுக்குக் கணக்குப் போடுகிறது. நடைபாதை உடைந்திருப்பதும், அதன் நடுவில் மின்கம்பம் நிற்பதும் அதற்குத் தெரியாது. தள்ளுவண்டியின் அகலம் 60 சென்டிமீட்டர் வரை வரும். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே அந்த இடைவெளி இல்லையென்றால் வண்டி சாலையில்தான் இறங்க வேண்டும். உங்கள் 22 நிமிடம் அவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல்.

அந்த அரை மணி நேரத்தின் விலையும் உங்களுக்குத் தெரியவில்லை. இந்த வயதுக் குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றவே முக்கால் மணி நேரம் போய்விடும். அடுத்த பசிக்கு முன் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம், நல்ல நாளாக இருந்தால் இரண்டு. தாய்க்கு வெளியுலகம் என்பது அவ்வளவுதான். போக அரை, வர அரை, மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருக்க அரை என்று முழுவதும் கரைந்துவிடும். முதல் வருடத்தில் தவிர்க்கவே முடியாத நடை மருத்துவரிடம் போகும் நடைதான். தடுப்பூசி மட்டுமே சில நாடுகளில் 6, 10, 14 வாரங்களில், சில நாடுகளில் 2, 4, 6 மாதங்களில். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. உங்கள் பட்டியலில் ரயில் நிலையம் முதலிலும் மருத்துவர் கடைசியிலும் இருப்பது தற்செயல் என்று சொல்ல வேண்டாம்.

அடைப்புக்குறிக்குள் ஒரு பெரிய சாலையை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி 1929-இல் ஒரு குடியிருப்புப் பகுதி எப்படி அமைய வேண்டும் என்று திட்டம் வகுத்தார். நடுவில் பள்ளி, சுற்றிலும் கால் மைல் நடையில் வீடுகள், பெரிய சாலைகள் எல்லாம் எல்லையில். பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதே அதில் முக்கியம். ‘நடக்கத் தகுந்த பகுதி’ என்று இன்று பேசுகிறவர்கள் தூரத்தைப் பிடித்துக்கொண்டு சாலையை விட்டுவிட்டார்கள். பச்சை விளக்கின் நேரத்தைப் பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை வைத்துத்தான் குறிக்கிறார்கள். 20 மீட்டர் சாலைக்குப் பதினேழு நொடி. வண்டியின் முன்சக்கரத்தை விளிம்பிலிருந்து மெல்ல இறக்கவே அதில் மூன்று நொடி போய்விடும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்தத் தெருதான் அமைதியாக இருக்காது? நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளைக்குச் சுமார் 2,000 வாகனங்கள் போன தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வாகனங்கள் போன தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, சராசரி 0.9. தெரியாத ஊரில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. என் மூத்தவன் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, என் கணவர் தன் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு வீட்டைப் பிடித்தார். வாசலைத் தாண்டினால் லாரிகள். காலையில் அவர் போனபின் சாத்திய கதவை மாலையில் அவருக்காகத்தான் திறந்தேன். ஒரு வாரம் முழுக்க வேறு பெரியவர் யாரோடும் பேசவில்லை என்பது ஒரு சனிக்கிழமை, குரல் கம்மியபோதுதான் உறைத்தது. அவர் கெட்டவர் அல்ல. உங்களைப் போலவே கரிசனமானவர்.

உங்கள் நண்பர்கள் சொல்வதற்கும் நான் தலையாட்டவில்லை. புறநகரில் பெரிய வீடு, ஒரு கார், அதை நீங்கள் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அவருக்கு அது நாலு அறை கொண்ட சிறை. நடக்கத் தகுந்த இடம் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசைதான், அந்தப் பகுதியையே பாருங்கள். ஆனால் தரைத்தளம், இல்லையென்றால் லிஃப்ட். ஓர் அறை குறைந்தால் குறையட்டும், ஏழு வாரக் குழந்தைக்குத் தனி அறை எதற்கு? மருத்துவரும் மருந்துக்கடையும் பத்து நிமிடத்துக்குள், பெரிய சாலைக்கு இந்தப் பக்கம். நிழலில் ஒரு பெஞ்சு. அந்த ஊரில் அவருக்கு உறவோ தோழியோ ஒருவர் இருந்தாலும், அவர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். இதற்கெல்லாம் விலையாக ரயில் நிலையம் 4 நிமிடத்திலிருந்து 20 நிமிடமானால் நீங்கள் நடங்கள். உங்களிடம் இருப்பது ஒரு கைப்பைதான்.

தடுப்பூசி நாட்களில் விடுப்பு எடுப்பதும் உங்கள் வேலை. அதை ‘மனைவிக்கு உதவி’ என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு உதவி என்று பெயர் இல்லை.

வெள்ளிக்கிழமை முன்பணம் என்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுங்கள். மூவருமாகப் போங்கள். அந்த மூன்றாவது மாடி வீட்டுக்கே பதினொரு மணிக்குப் போங்கள். குழந்தை, பை, வண்டி மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மனைவி வெறுங்கையோடு முன்னால் நடக்கட்டும். 54 படியும் இறங்கி, பெரிய சாலையைக் கடந்து, பூங்கா வரை போய்த் திரும்பி, மறுபடி மேலே ஏறுங்கள். அதன் பிறகு எந்த வீடு என்று என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள்.