வந்து வந்து போகும் பிரேக் விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டேஷ்போர்டில் பிரேக் விளக்கு விடாமல் எரிந்தால் மெக்கானிக்குக்கு வேலை சுலபம். ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனதும் அணைந்துவிடுகிற விளக்குதான் ஆளைப் படுத்தும். என்ன செய்யும்போது எரிந்தது என்று குறித்து அனுப்பியவர்களுக்குக் கிட்டத்தட்ட உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது. "சில சமயம் எரிகிறது" என்று மட்டும் எழுதியவர்கள் ஒரு வாரம் கவனித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் சிவப்பு விளக்கு வந்து வந்து போனது. நாமக்கல் வந்த பிறகு வரவே இல்லை. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆயில் டப்பாவுக்குள் காந்தம் வைத்த சின்ன மிதவை ஒன்று இருக்கும். ஆயில் இறங்கினால் அதுவும் இறங்கும், கீழே உள்ள சுவிட்ச் விளக்கைப் போட்டுவிடும். அளவு எல்லையில் நிற்கும்போது சமதரையில் ஒன்றும் தெரியாது. வண்டி சரிந்தாலோ திரும்பினாலோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை தாழும், விளக்கு எரியும். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் அது பலமுறை வந்து போனதில் ஆச்சரியம் இல்லை.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு பாட்டில் வாங்கி ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஆயில் தானாக ஆவியாகிப் போவதில்லை. பிரேக் பேட் தேயத் தேய பேட்டை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். அதனால் முதலில் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மட்டம் தானாக ஏறிவிடும். முன்பே ஊற்றி வைத்திருந்தால் அது வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்தால் கசிவுதான். நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்க டிரம்மில் வீல் சிலிண்டர் கசிந்தால் டயரின் உள்சுவரில் ஈரக்கோடு ஓடி, அதில் தூசி அப்பி கறுப்பாகத் தெரியும். வெளியே ஒன்றுமே காணோமா? பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய், மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்குள் ஆயில் இறங்கிக்கொண்டிருக்கலாம். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்சுக்கும் அதே டப்பாதான். கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் எரிவது பிரேக் விளக்குதான்.

கையோடு ஆயிலின் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிவிடும். மலை இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுவது நல்லது. மலை இறங்குகிறவர்கள் ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் சிவப்பு விளக்கு ஒரு நொடி மின்னுகிறது. ஆயில் நிறைய இருக்கிறது.

ஹேண்ட் பிரேக் சுவிட்ச். அடுத்த முறை மின்னும்போது லீவரைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். மின்னுவது நின்றால் விஷயம் முடிந்தது. சுவிட்சைக் கொஞ்சம் நகர்த்திப் பொருத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். லீவருக்கு அடியில் விழுந்த நாணயமோ பேனா மூடியோ தடுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடுபடாவிட்டாலும் இதே கதை, ஆனால் அப்போது ஓட்டி வந்த பின் பின்சக்கரம் கொதிக்கும்.

மழையில் ஓட்டினால் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, இரண்டு நாள் வெயிலில் நின்றால் போய்விடுகிறது. நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

வேண்டாம். ஏபிஎஸ் என்பது அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் காப்பது, அதற்காகச் சக்கரத்துக்கு ஒன்றாக வேகம் அளக்கும் சென்சார் இருக்கும். நான்கும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். ஈரத்தில் வந்து வெயிலில் போகிறது என்றால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது, அல்லது ஒயரின் மேலுறை எங்கோ கிழிந்திருக்கிறது. முன்சக்கரத்துக்குப் போகும் ஒயர் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து தினமும் வளைவது, அதனால் முதலில் அதைப் பாருங்கள். காரைத் தெருவில் நிறுத்துகிறவர் என்றால் எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்களில் பல என்ஜினின் கோளாறு எண்ணை (code) மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் யூனிட்டோடு பேசுகிற ஸ்கேனராகக் கேளுங்கள். விளக்கு அணைந்திருந்தாலும் கோளாறு எண் பெரும்பாலும் யூனிட்டின் நினைவில் இருக்கும், ஆகவே அதை அழிக்கும் முன் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டிக்கொண்டே நான்கு சக்கர வேகத்தையும் திரையில் பார்த்தால், மூன்று 40 காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழும். வேலை அந்த ஒன்றில்தான்.

பின்சக்கர பேரிங் மாற்றியதிலிருந்து, வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் ஏபிஎஸ் விளக்கு வருகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் போய்விடுகிறது. பேரிங் புதிது, அதில் தவறு இருக்க வாய்ப்பில்லை என்கிறார் மெக்கானிக்.

பேரிங் நல்லதாகவே இருக்கலாம், மாட்டிய விதம் தவறாக இருக்கலாம். பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். சென்சார் படிப்பது அதைத்தான். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் போய்விட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. சக்கரம் உருள ஆரம்பித்த பிறகுதான் யூனிட் அதைக் கண்டுபிடிக்கும். அதனால்தான் கொஞ்ச தூரம் போனதும் வருகிறது. சாதாரண இரும்புத் துண்டு ஒன்றை வைத்து எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று பார்க்காதீர்கள், பேரிங்கே இரும்பு. இதற்கென்று காந்தப்புலம் காட்டும் மெல்லிய அட்டை கிடைக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது இரவில் பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிகின்றன. பழைய டீசல் கார்.

பிரேக்கை விட்டுவிட்டு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சில கார்களில், குறிப்பாகப் பழைய ஜப்பானிய வடிவமைப்புகளில், சார்ஜிங் கோளாறு இந்த இரண்டு விளக்கையும் சேர்த்தே எரிய வைக்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுப் பார்த்து 13-க்குக் கீழே இறங்கினால் கோளாறு அங்கேதான். உங்களுடையது டீசல் என்பதால் இன்னொன்று: சில பழைய டீசல்களில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கும் வாக்குவம் பம்ப்பும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பெடல் திடீரெனக் கல்லாக இறுகினால் ஓட்டாதீர்கள்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரியும்போது ஊருக்குப் போகலாமா? இரண்டும் எரிந்தால்?

மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் உதவிக்கு வராது. ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் இபிடியும் போயிருக்கலாம். திடீர் பிரேக்கில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டி வண்டி சுழலும். ஓரமாக நிறுத்தி ஆயிலைப் பாருங்கள், பெடல் எப்படி இருக்கிறது என்று மிதித்துப் பாருங்கள். ஆயில் இல்லை, அல்லது பெடல் தரைக்குப் போகிறது என்றால் வண்டியை அங்கேயே விடுங்கள். கயிறு கட்டி இழுக்க யாராவது முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். இழுபடும் காரிலும் பிரேக் வேண்டும், அதுவும் என்ஜின் ஓடாமல் பூஸ்டர் உதவி இருக்காது. மேலே ஏற்றிக்கொண்டு போகிற மீட்பு லாரியைக் கூப்பிடுங்கள்.