ரெஸ்லிங் கம்பெனியில் பங்கு வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் ஐடி வேலை, வயது 41. நண்பர் ஒருவர் இங்கே சின்னதாக புரோ ரெஸ்லிங் கம்பெனி நடத்துகிறார். வாடகைக் கூடத்தில் மாதம் ஒரு ஷோ. 30,000 டாலர் போட்டால் 40 சதவீதப் பங்கு தருகிறாராம். போன ஷோவில் 260 நாற்காலியும் நிறைந்ததை நானே பார்த்தேன். பழைய 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துப் போடலாமா? அந்த ஷோவின் வரவு செலவை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், எடிசன்

பதில்: முதலில் 401கே-வில் கை வைக்காதீர்கள். இந்த வயதில் எடுத்தால் 10 சதவீத அபராதம். மணி அடிக்கும் முன்பே 3,000 டாலர் போச்சு, வருமான வரி தனி.

சரி, ஷோவுக்கு வருவோம். கூடம் நிறைந்தது உண்மைதான். ஆனால் நண்பர் கொடுத்த தாளிலேயே 70 பேர் ஓசி டிக்கெட். காசு கொடுத்தவர்கள் 190 பேர், ஆளுக்கு 20 டாலர், ஆக 3,800. நுழைவுச் சீட்டுக்கு 6.625 சதவீத விற்பனை வரி இதற்குள்ளேயே இருக்கிறது. அது போக 3,564. (துணிக்கு நியூஜெர்சியில் அந்த வரி இல்லை, டி-ஷர்ட் விற்பவருக்கு அந்த மட்டும் லாபம்.) கம்பெனி டி-ஷர்ட், கேன்டீன் லாபம் 800. ரெஸ்லர்கள் தங்கள் மேசையில் விற்கும் காசு அவர்களுக்கே. அதில் பங்கு கேட்கலாம் என்று நண்பர் எழுதியிருக்கிறார். வேண்டாம், நல்ல ஆள் ஒருவரும் திரும்பி வரமாட்டார்.

செலவு 6,750. இதில் 3,100 ஒரே ஆளுக்கு: டிவியில் வந்த பழைய ஸ்டார், விமானம் ஹோட்டல் உட்பட. மற்ற 14 பேருக்கும் சேர்த்து 1,050. நம்மூர் ஸ்பெஷல் நாடகத்தில்கூட ராஜபார்ட்டுக்கும் மற்றவருக்கும் கூலியில் இவ்வளவு தூரம் இருக்காது! கூட்டிக் கழித்தால் 2,386 டாலர் நஷ்டம். இதே வேகத்தில் உங்கள் 30,000 ஒரு வருஷம் தாங்கும்.

ஸ்டாரை எடுத்துவிட்டுப் பாருங்கள். கூட்டம் 150 ஆகக் குறைந்தாலும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி வருகிறது. அந்த 150 பேரும் உள்ளூர் ஹீலை, அதாவது வில்லன் வேஷ ரெஸ்லரை, திட்டுவதற்காகவே அடுத்த மாதமும் வருபவர்கள். ஸ்டாருக்காக வந்தவர்கள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பக்கத்து பிலடெல்பியாவில், பிங்கோ கூடத்தில் வளர்ந்த இசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பெனிக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். 1997-ல் பே-பர்-வியூ (காசு கட்டிப் பார்க்கும் டிவி ஷோ) வரை போனது. 2001-ல் திவால் மனு கொடுத்தபோது கடன் 80 லட்சம் டாலருக்கும் மேல். கூட்டம் இருந்தும் நடந்தது அது.

நண்பர் எல்எல்சி (கம்பெனிக் கடன் சொந்தச் சொத்தைத் தொடாத அமைப்பு) பதிவு செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பதிவில்லாமல் கூட்டுச் சேர்ந்தால், யாராவது கழுத்தை உடைத்துக்கொண்டு வழக்குப் போடும்போது உங்கள் வீடு வரை வரலாம். இன்னொன்று, ரெஸ்லர்களைக் கான்ட்ராக்டர் என்று எழுதினால் மட்டும் போதாது. யார் கான்ட்ராக்டர், யார் ஊழியர் என்று தீர்மானிக்கும் நியூஜெர்சியின் ஏபிசி விதி கடுமையானது. அக்கவுண்டன்டிடம் காட்டுங்கள்.

உதவத்தான் வேண்டுமென்றால் பங்கு வேண்டாம், கடனாக 5,000 கொடுங்கள். ரிங்கும் டிரக்கும் யார் பேரில் என்று பார்த்து, அவற்றை ஈடாக எழுதி வாங்குங்கள். அப்புறம் மூன்று ஷோ வாசலில் நின்று டிக்கெட்டை நீங்களே எண்ணுங்கள். ஸ்டார் இல்லாத ஷோவாக இருக்கட்டும். மூன்றிலும் கைக்காசு போகவில்லை என்றால் பங்கைப் பற்றிப் பேசலாம், அதுவும் 30,000-க்கு அல்ல.