அரங்கில் ஒரு வடிகால் கேள்வி

அன்புள்ள சார்,

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பல்கலைக்கழக நூலகங்களில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு எல்லோரும் போகலாம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒன்றுக்குப் போனேன். உள்ளாட்சியும் குடிமக்களும் பற்றிய பேச்சு. பேசியவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் அதற்கு முன்னால் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று முக்கால் மணி நேரம் போய்விட்டது. கடைசியில் நேரம் இல்லை, இரண்டே கேள்விகள் என்றார்கள். நான் கை தூக்கினேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடுகிறது, மாநகராட்சிக்குப் போனால் குடிநீர் வாரியத்தைக் கேள் என்கிறார்கள், வாரியத்துக்குப் போனால் மாநகராட்சியைக் கேள் என்கிறார்கள், யாரைப் பிடிப்பது என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, “சொந்தக் குறைகளுக்கு இது இடமில்லை, தலைப்பை ஒட்டிக் கேளுங்கள்” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கான இடம்தானா? அப்படியே இருந்தாலும் வடசென்னைப் பக்கம் ஏன் எதுவும் நடப்பதில்லை?

பி.கு.: என் பக்கத்தில் இருந்த மாணவர்கள் எல்லாம் வருகைச் சான்றிதழுக்காக வந்தவர்கள். கடைசிவரை போன்தான் பார்த்தார்கள்.

— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் அந்த நூலகத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். நூலகத்தின் பெயர் இல்லாததால் ஒன்றும் குறையவில்லை. முக்கால் மணி நேரப் பொன்னாடை எல்லா ஊருக்கும் பொது.

அன்றைக்குத் தலைப்பை ஒட்டிக் கேட்கப்பட்ட கேள்வி உங்களுடையதுதான். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அந்த வாரியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது, மாநில அரசின் கீழ் வருவது. உங்கள் பக்கத்துத் தண்ணீர் போய் விழுகிற பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையின் கையில். நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இந்த மூன்றில் முதலாவதைப் பற்றித்தான் மன்றத்தில் உரிமையோடு பேச முடியும். மற்ற இரண்டுக்கும் அவரும் உங்களைப் போல மனு எழுத வேண்டியவர்தான்.

இது ஏன் இப்படி? அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1992-இல் வந்தது. அதோடு சேர்த்த 12-ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கான 18 பணிகள் இருக்கின்றன. குடிநீர் அதில் உண்டு, பொதுச் சுகாதாரமும் துப்புரவும் உண்டு. ஆனால் இவற்றை உள்ளாட்சிக்கு மாநிலச் சட்டமன்றம் ‘தரலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, இத்தனை வயதுக்கப்புறமும் ஊரின் சாக்கடைக்குச் சொந்தக்காரர் இல்லை. அதிகாரப் பகிர்வு பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய அத்தனையும் உங்கள் தெரு மேன்ஹோல் மூடிக்கு அடியில் கிடக்கிறது. அதைத்தான் சொந்தக் குறை என்றிருக்கிறார்கள்.

ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. மைக்கைக் கொடுத்தால் பட்டா, ரேஷன் கார்டு, மைத்துனரின் வேலை என்று போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் என் அனுபவத்தில் கேள்வி நேரத்தைக் கெடுப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள் அல்ல. “கேள்வி இல்லை, ஒரு சிறு கருத்து” என்று எழுந்து இன்னொரு சொற்பொழிவு நிகழ்த்துபவர்கள்தான். அவர்களிடமிருந்து யாரும் மைக்கை வாங்குவதில்லை. பெரும்பாலும் அவர்கள் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள்.

சொந்தக் குறை எப்போது அரசியலாகிறது என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பக்திச் சொற்பொழிவு நடக்கும் இடம். அதை நடத்தியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும். பக்கிங்காம், கர்னாடிக் என்ற பஞ்சாலைகளின் தொழிலாளர்கள் அங்கே பேச்சுக் கேட்க வருவார்கள். வந்தவர்கள் மில் சங்கதிகளையும் சொல்ல ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடுவது அரை மணி நேரம்தான், மேஸ்திரி கை நீட்டுகிறார், இப்படி. ‘இது பெருமாள் சபை, உங்கள் மில் கதைக்கு இடமில்லை’ என்று சபைக்காரர்கள் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அன்னி பெசன்டோடு ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்த பி.பி. வாடியாவைப் போய் அழைத்து வந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேச, மற்றவர்கள் தமிழில் சொன்னார்கள். திரு.வி.க. தமிழிலேயே பேசினார், அரசியல் மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய காலம் அது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இன்றைக்கு உங்கள் மண்டலத்துக்குப் பக்கத்து மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர். மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

சரி, தெருமுனையிலோ சபையிலோ பேசினால் போதாதா, எதற்குப் பல்கலைக்கழக நூலகம் என்று கேட்பீர்கள். தெருமுனையில் பேச்சாளர் சொன்னது சொன்னதுதான், சரிபார்க்க வழியில்லை. நூலகத்தில் சட்டப் புத்தகம் பக்கத்து அறையிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1924-இல் முதல் நூலகராக வந்த ரங்கநாதன், 1931-இல் எழுதிய நூலக இயலின் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை. நம் ஆட்கள் நூலகத்தைக் கூட்டம் நடத்தும் ஏசி ஹாலாக மட்டும் வைத்திருக்கிறார்கள். நினைவுப் பரிசு வைக்க ஒரு மேசை போடுகிறார்களே, அதன்மேல் 1978-ஆம் ஆண்டு வாரியச் சட்டத்தையும், 1998-இல் இயற்றி 2023-இல்தான் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தையும் எடுத்து வைக்கலாம். நீங்கள் கேட்டதும் பேச்சாளரே பக்கத்தைப் புரட்டிப் படித்துக் காட்டியிருப்பார். படிக்கத் தெரியாமல் விழித்திருந்தாலும் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

எண்ணூர், மணலிப் பக்கத்து ஆட்களுக்கு இது இன்னும் அவசியம். பெரிய ஆலை ஒன்று வரும்போதோ விரிவடையும்போதோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும், ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். பேசியதைத் தொகுத்துக் கடைசியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். பாதிப் பேர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அந்த 30 நாளுக்குள் விவரம் தெரிந்த ஒருவர் அந்த அறிக்கையை நூலகத்தில் வைத்துப் பக்கம் பக்கமாக விளக்கினால், அதைவிட நல்ல அறக்கட்டளைச் சொற்பொழிவு எனக்குத் தெரியவில்லை.

வடசென்னையில் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். இல்லாமல் இருந்த ஊர் இல்லை அது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். கட்சிப் படிப்பகங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. இப்போது நூலகங்களில் இடம் பிடித்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். காலையிலேயே வந்து பையை வைத்து நாற்காலி பிடிக்கிறார்கள், அவர்களை எழுப்பிவிட்டுக் கூட்டம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாதம் ஒரு நாள், கேட்டுப் பார்க்கலாம். உங்கள் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. கிளை நூலகத்தில் போய்க் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் பேச்சாளரை அனுப்பி, அதே பேச்சை இங்கேயும் ஒரு முறை பேசச் சொன்னால் அவர்களுக்கும் பெரிய செலவில்லை. தியாகராயா கல்லூரி வாசலுக்கே 2021-இல் மெட்ரோ வந்துவிட்டது. இதுவரை நாம்தான் தெற்கே போகிறோம்.

அடுத்த முறை போகும்போது கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். “எங்கள் தெருவில்” என்று ஆரம்பிக்க வேண்டாம். “12-ஆவது அட்டவணையில் இருக்கும் துப்புரவுப் பணி சென்னையில் இரண்டு அமைப்புகளிடம் பிரிந்து கிடப்பதால்” என்று ஆரம்பித்து, தெருவை இரண்டாவது வரியில் கொண்டு வாருங்கள். மைக்கை வாங்க மாட்டார்கள். இப்படி வேஷம் போட வேண்டியிருப்பது எனக்கும் பிடிக்கவில்லைதான்.

அப்புறம், அந்த மாணவர்கள். சான்றிதழுக்காக வந்தால் என்ன, வந்தார்களே. நான் கல்லூரியில் படித்தபோது போன கூட்டங்களில் பாதி, டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று தெரிந்து போனவைதான்.