அழைப்புக் கடிதம் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களில் மாணவர் பயிற்சி

இங்கிலாந்தில் முதியோருக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம், ஐந்து மாதப் பயிற்சிக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் தருவார்களாம். "விசிட்டர் விசா எடுத்துப் போ, ஆறு மாதம் இருக்கலாம்" என்கிறார் தெரிந்த ஏஜென்ட் ஒருவர். போகலாமா?
– எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, மார்த்தாண்டம்

அந்த விசாவில் போகாதீர்கள் மகளே. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்கலாம் என்பது உண்மை. ஆனால் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் தன்னார்வப் பணி செய்ய அதில் உள்ள அனுமதி மொத்தம் 30 நாள். சம்பளம் வாங்காவிட்டாலும் இந்த வரம்பு பொருந்தும். அதைத் தாண்டினால் விதிமீறல். அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அது கூடவே வரும்.

உங்களுக்குப் பொருந்துவது 'சாரிட்டி வொர்க்கர்' விசா. சம்பளமில்லாத பணிக்கென்றே உள்ள தற்காலிக விசா அது; அதிகபட்சம் 12 மாதம். இதற்கு அழைப்புக் கடிதம் செல்லாது. நிறுவனம் அந்நாட்டு உள்துறையிடம் ஸ்பான்சர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உங்கள் பெயரில் 'சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்' ஒதுக்க வேண்டும். பெயர்தான் சர்டிபிகேட். கையில் வருவது ஒரு குறிப்பு எண், அதோடு உள்ள விவரங்கள். வண்ணத்தில் அச்சடித்து, முத்திரை குத்தி, லேமினேட் செய்த தாளை யாராவது நீட்டினால் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அந்த எண் கிடைத்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

இரண்டு பட்டியல்களை நீங்களே இணையத்தில் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் தொண்டு நிறுவனங்களின் பதிவேடு 'சாரிட்டி கமிஷன்' தளத்தில் இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் வரவு செலவு வரை காட்டும். உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை அந்நாட்டு அரசு தனியாக வெளியிடுகிறது. பலர் முதல் பட்டியலைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நேர்மையான, பல ஆண்டு பழைய நிறுவனத்துக்குக்கூட ஸ்பான்சர் உரிமம் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் நல்ல மனதோடுதான் "வா" என்பார்கள். ஆனால் அவர்களால் உங்களை 30 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

ஐந்து மாதம் என்பதை ஏழு மாதமாக நீட்டச் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டும் விண்ணப்பத்துக்கு இந்தியர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வைக்க வேண்டும். நாகர்கோவில் ஸ்கேன் சென்டரில் எடுத்த எக்ஸ்ரே அதற்கு ஆகாது. பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டும் கட்ட வேண்டும். ஏழு மாதம் என்றாலும் முழு ஆண்டுத் தொகைதான். ஐந்து மாதத்துக்கு இவை இரண்டும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் செலவு உங்களுடையது. ஆகவே பயணக் காப்பீட்டை இங்கேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. சிட்டி (சீட்டு) எடுத்த பணம் அவர் கணக்கில் இருக்கிறது. அதைக் காட்டி இதே விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா?
– பி.காம். மாணவர், குலசேகரம்

அப்பா கணக்கில் இருந்தால் எண்ண மாட்டார்கள் தம்பி. இந்த விசாவுக்கு 1,270 பவுண்டு, இன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய், உங்கள் பெயரிலுள்ள கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் அதில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் விழ வேண்டும்.

விண்ணப்பம் கெடுவது பெரும்பாலும் சின்னக் காரணத்தால். இருபதாம் நாள் விமான டிக்கெட்டுக்காக அதே கணக்கிலிருந்து பணம் எடுத்தால் இருப்பு ஒரு நாள் குறைந்துபோகும். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பவுண்டு விலை ஏறினாலும் அதே கதை. அதனால் பத்து, பதினைந்தாயிரம் கூடுதலாகப் போட்டு, அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். விசாக் கட்டணத்தை வேறு கணக்கிலிருந்து கட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு: உங்கள் முதல் மாதச் செலவைத் தாங்களே ஏற்பதாக ஸ்பான்சர் நிறுவனம் அந்த ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் குறிப்பிடலாம். குறிப்பிட்டால் இந்தப் பணத்தைக் காட்டவே வேண்டியதில்லை. தங்க இடமும் உணவும் தரும் நிறுவனத்திடம் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. அமெரிக்காவில் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்யும் அமைப்பில் பயிற்சி எடுக்க ஆசை. முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

நோயாளியைத் தொடும் வேலைக்கு முடியாது. அமெரிக்காவில் பயிற்சி எடுக்கப் போகிறவர்களுக்கான ஜே–1 விசாவின் இன்டர்ன் பிரிவில் நோயாளிக் கவனிப்பு, குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு மூன்றுக்கும் தடை இருக்கிறது. "இரத்த அழுத்தம் மட்டும் பார்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுகாதார விழிப்புணர்வுத் திட்டங்களை வகுப்பது, மருந்து இருப்புக் கணக்கு, நன்கொடையாளர் அறிக்கை தயாரிப்பது என்று அலுவலக வேலைகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறலாம்.

ஜே–1 விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர் தரும் டி.எஸ்.–2019 படிவம் வேண்டும்; கட்டம் கட்டமாக என்ன கற்பீர்கள் என்று எழுதும் டி.எஸ்.–7002 என்ற பயிற்சித் திட்டமும் வேண்டும். நீங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படித்து முடித்து 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். நான்காம் ஆண்டு முடிந்ததும் ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பிரிவில் வாய்ப்பு போய்விடும்.

என் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் இன்னொரு மாதிரி. எதைக் கொடுப்பது?
– வாசகர், தக்கலை

எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. நிறுவனத்துக்கு முதல் மின்னஞ்சலிலேயே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை அனுப்பி, "இதிலுள்ள எழுத்துக்கூட்டலையே போடுங்கள்" என்று கேளுங்கள். நம் முன்னெழுத்து வழக்கம் அவர்களுக்குப் புரியாது. அப்பா பெயரை உங்கள் பெயராகப் போட்டுவிடுவார்கள். குழந்தைகளோடு பணி என்றால் போலீஸ் கிளியரன்ஸ் சான்று கேட்பார்கள். அதற்கும் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். நம் கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. கல்லூரி விடுதி முகவரிக்கும் பாஸ்போர்ட் முகவரிக்கும் வேறுபாடு இருந்தால் காவல் விசாரணை இழுக்கும். ஒரு மாதமாவது முன்கூட்டித் தொடங்குங்கள்.

நேபாளத்தில் ஒரு அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் திட்டம். நாற்பதாயிரம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர்கள் மூவர், கருங்கல்

கட்டாதீர்கள். இப்படி வருபவர்களின் பணத்துக்காகவே, பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து 'அநாதை' என்று காட்டும் இல்லங்கள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் கண்டறியப்பட்டிருக்கின்றன. அதோடு, இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிந்துபோகும் அண்ணன், அக்காமார் மாறி மாறி வருவது அந்தப் பிள்ளைகளுக்குக் காயம். உங்களிடம் போலீஸ் சான்றுகூடக் கேட்காத இல்லம் வேறு யாரிடமும் கேட்டிருக்காது. நேபாளம் போக இந்தியருக்கு விசா வேண்டாம் என்பதால் அவசரத்தில் முடிவெடுக்கும் ஆபத்து கூடுதல். அங்கேதான் போக வேண்டும் என்றால் பிள்ளைகளை நேரடியாகக் கையாளாத வேலையாக, ஆசிரியர்களுக்குப் பாடக்கருவி தயாரித்துக் கொடுப்பது போன்றதாகத் தேடுங்கள்.

ஐரோப்பாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறேன். அங்குள்ள பயனாளிகளைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? எங்கள் ஊர் வாசகசாலைக்கு இங்குள்ளவர்கள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். என் கணக்குக்கு வாங்கி அனுப்பலாமா?
– தூத்தூர் வாசகர்

படம் வேண்டாம். ஐரோப்பிய தனித்தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உதவி பெறுபவரின் முகமும் பெயரும் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள தகவல். உங்கள் கைப்பேசிக்கு அது வந்தாலே சிக்கல். 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரையில் நின்ற தாய்மார்களின் முகத்துக்கு நேரே கேமரா நீண்டதைத் தூத்தூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நினைவு உங்களை மற்ற பயிற்சியாளர்களைவிட நல்ல தொண்டராக்கும்.

பணம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டவர் தரும் நன்கொடையை ஒரு சங்கமோ வாசகசாலையோ வாங்க, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவு தேவை. உங்கள் சொந்தக் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்பினால் நீங்களும் சங்கமும் சேர்ந்து மாட்டுவீர்கள். பதிவுக்கு, சங்கம் மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டில் தன் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். ஊர் வாசகசாலைக்கு இது எட்டாது. ஒரு குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் 'முன் அனுமதி' கேட்கும் வழி இருக்கிறது. அதற்கும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும்.

ஏற்கெனவே பதிவுள்ள அமைப்பு ஒன்று வாங்கி உங்களுக்குத் தரட்டும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது. ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றத் தடை இருக்கிறது. பதிவுள்ள அமைப்பே உங்கள் ஊரில் தன் திட்டமாக ஒரு நூலகம் நடத்த முன்வந்தால், அந்தப் பணத்தை அவர்கள் வாங்கி அவர்களே செலவழிக்கலாம். நன்கொடையாளரிடம் அப்படிப் பேசிப் பாருங்கள்.