முதல் வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கே?

கேள்வி: ஏற்காடு மலையில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன், வயது 54. எங்கள் பங்கில் (கோவில் வட்டாரத்தில்) முன்பு சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தை நாங்கள் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் உட்காருவார். இப்போது அதற்கு ‘ஒப்புரவு அருட்சாதனம்: தேவைப்படுவோர் பங்குத்தந்தையை அணுகவும்’ என்று பலகையில் எழுதிப்போட்டதோடு சரி. தவக்காலத்தில் வெளியிலிருந்து நாலு சாமியார்கள் வருவார்கள், அந்தக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காது. நான் பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று வருஷம் ஆகிறது, அதனால் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கவும் போவதில்லை. (அம்மாவுக்குக் குறையில்லை. 81 வயது, நடக்க முடியாது, மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை பங்குத்தந்தையே வீட்டுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு நற்கருணை கொடுக்கிறார். அம்மா இருப்பது பக்கத்தில் தம்பி வீட்டில், அங்கே நான் போவதில்லை.) இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி ஆயருக்கு மனு அனுப்பலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– ஏற்காடு வாசகர்

பதில்: மனு இருக்கட்டும், அப்புறம் வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே சில வரிகள், அதைத்தான் நான் நாலு தடவை படித்தேன்.

மாதம் ஒரு தடவை, நாள் குறித்து, பங்குத்தந்தை உங்கள் பக்கத்து வீட்டுக்கு வருகிறார். வந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். மூன்று வருஷத்துக்கு 36 முதல் வெள்ளி, இடையில் பெரிய வெள்ளி, சாமியாருக்குக் காய்ச்சல் என்று ஒன்றிரண்டு தவறியிருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். அத்தனை தடவையும் வேலிக்கு இந்தப்பக்கம் இருந்துகொண்டு, அவர் நேரம் ஒதுக்குவதில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் பாட்டிக்கும் இப்படித்தான் நடந்தது. ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, ஒரு டம்ளரில் தண்ணீர். சாமியார் வந்து உட்கார்ந்ததும் டி.வி.யை அணைத்து, அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவோம், ஏனென்றால் காது மந்தமான பாட்டி தன் பாவத்தை ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். உங்கள் தம்பியும் அவர் மனைவி மக்களும் அப்படி வாசலில் நிற்பது உங்கள் காப்பிக் களத்திலிருந்து தெரியாமலா இருக்கும்?

உள்ளே அம்மா என்ன சொல்கிறார் என்பது அவருக்கும் சாமியாருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும், அதை நான் ஊகிக்கக் கூடாது. ஆனால் கட்டிலை விட்டு இறங்க முடியாத 81 வயது மனுஷி மாதாமாதம் சொல்லும் அளவுக்கு அப்படி என்ன பாவம் செய்துவிடப் போகிறார்? பிள்ளைகள் பேசாமல் இருந்தால் பெற்றவள் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வாள், இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ‘அம்மாவுக்குக் குறையில்லை’யாம். மூத்த மகன் படியேறாத வீட்டில் கிடக்கிறவருக்கு இன்னும் என்ன குறை வேண்டும்?

சண்டை எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. மலையில் அண்ணன் தம்பி சண்டை என்றால் பாதை, தண்ணீர், வெட்டி விற்ற சில்வர் ஓக் மரம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும். தம்பிமேல் இருக்கிற கோபத்துக்கு அம்மா ஏன் வட்டி கட்ட வேண்டும்? பெற்றவளைப் போய்ப் பார்க்க யார் வீட்டு வாசலையும் மிதிக்கலாம், எதிரி வீட்டு வாசலையும்கூட. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை, கோபித்துக்கொண்டு இந்தப் பத்திரிகையை நிறுத்தினாலும் சரி.

பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்கிற வசனத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள், அதை நான் வேறு சொல்ல வேண்டுமா? பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் யார் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். மே மாதத்தில் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத குடும்பத்துக்குச் சிரித்துக்கொண்டே கும்பிடு போடுகிறவர்தானே நீங்கள்?

சரி, மனுவுக்கு வருகிறேன். திருச்சபைச் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 986ஆம் பிரிவு, ஆன்மாக்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர் நியாயமாகக் கேட்கிறவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் மக்களுக்கு வசதியான நாளிலும் நேரத்திலும் தனித்தனியே செய்ய வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 2002இல் இதற்காகவே ஒரு கடிதம் எழுதி, அறிவித்த நேரத்தில் சாமியார்கள் கோவிலில் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ‘அணுகவும்’ என்று பலகையில் போட்டால் கூச்சக்காரர்கள் யாரும் அணுக மாட்டார்கள். சாமியார் பங்களாவுக்குப் போய்க் கதவைத் தட்டி, ‘ஃபாதர், நான் பாவம் செய்திருக்கிறேன்’ என்று எப்படி ஆரம்பிப்பது?

ஆனால் அந்தச் சனிக்கிழமை நேரம் எப்படிக் காணாமல்போகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பங்கில் சாமியார் வாராவாரம் முக்கால் மணி நேரம் தொட்டியில் உட்காருவார், வருகிறவர் ஒருவரோ இருவரோ. மிச்ச நேரம் ஜெபமாலை சொல்லிவிட்டு எழுந்து போவார். ஒரு வருஷம் இப்படிப் போனதும் அந்த நேரத்தில் ஒரு கிளைக் கிராமத்துக்குப் பூசை வைத்துவிட்டார், அவரை எப்படிக் குறை சொல்வது? வராமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து, தவக்காலத்தில் வருகிற வெளியூர்ச் சாமியாருக்காகக் காத்திருந்து அவர் வரிசையில்தான் போய் நிற்பேன். பழைய சனிக்கிழமைகளில் நீங்கள் எத்தனை தடவை போனீர்கள்?

உள்ளூர்ச் சாமியாரிடம் சொல்லத்தான் தயக்கம் என்றால், யாரிடம் வேண்டுமானாலும் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம், அரிசிப்பாளையத்தில் குழந்தை இயேசு பேராலயம், எப்போது வரலாம் என்று போனில் கேட்டுக்கொண்டு போனால் ஆயிற்று. மூன்று வருஷத்தில் உரம் வாங்கவும் கல்யாணத்துக்கும் எத்தனை தடவை இறங்கியிருப்பீர்கள்! கனமான பாவம் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்கிறது அதே சட்டம். சாமியாருடைய கடமையை மட்டும் படித்துவிட்டு நம்முடையதைத் தாண்டிப் போகக் கூடாது.

அடுத்த முதல் வெள்ளிக்கிழமை, காப்பிப் பழம் எடுக்க ஆள் வந்திருந்தாலும் சரி, சாமியார் வருவதற்கு அரை மணி முன்னால் தம்பி வீட்டுக்குப் போங்கள். தம்பியிடம் பேச வாய் வரவில்லையென்றால் பேச வேண்டாம், நேராக அம்மா கட்டிலுக்குப் போங்கள். அம்மா பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மற்றவர்களோடு நீங்களும் வாசலுக்கு வந்து நில்லுங்கள். எட்டு பத்து நிமிஷம் ஆகும், அண்ணனும் தம்பியும் அருகருகே நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அது ரொம்ப நேரம்தான், யாராவது ஒருவர் மழையைப் பற்றியாவது பேசிவிடுவீர்கள். சாமியார் கிளம்பும்போது ‘ஃபாதர், எனக்கும் பாவசங்கீர்த்தனம் செய்யணும், எப்போது வரட்டும்?’ என்று கேளுங்கள். அங்கேயே கேட்பார், இல்லையென்றால் நேரம் சொல்வார்.

ஆயருக்கெல்லாம் இப்போது போக வேண்டாம். ‘சனிக்கிழமை பூசைக்கு முன்னால் அரை மணி நேரம் வேண்டும், நாங்கள் வருவோம்’ என்று பங்குப் பேரவைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். இருபது பேரெல்லாம் வேண்டியதில்லை. மாதாமாதம் அந்த வீட்டுக்கு வந்துபோகிற சாமியாருக்கு உங்கள் கதை தெரியாமல் இருக்காது, உங்கள் பெயருக்குக் கீழே தம்பியின் கையெழுத்தைப் பார்த்தால் அவர் வேறு எதுவும் கேட்க மாட்டார்.