பூனைக்குச் சர்க்கரை நோய்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எங்கள் பூனைக்கு 11 வயது, கருத்தடை செய்யப்பட்ட ஆண். ஏழு கிலோவுக்கு அருகில் இருந்தவன், வைத்ததையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு மாதத்தில் ஐந்தரைக் கிலோவுக்கு இறங்கிவிட்டான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு அகல்வதே இல்லை. பரிசோதித்துச் சர்க்கரை நோய் என்றார்கள்; 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட் இன்சுலின் போடச் சொன்னார்கள். ஐந்து நாளாகியும், ஊசிக்கு முன் வீட்டில் சோதித்தால் இரத்தச் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. நாங்களே 2 யூனிட்டாக உயர்த்தலாமா? ஊசி போடும்போது என் கை வேறு நடுங்குகிறது. சரியாகத்தான் போடுகிறேனா என்பதும் தெரியவில்லை.

பதில்: தயவுசெய்து உயர்த்தாதீர்கள். ஊசி போடுவதற்குச் சற்று முன்புதான் முந்தைய வேளை இன்சுலினின் வேகம் அடங்கியிருக்கும். அந்த நேரத்தில் சோதித்தால் அன்றைய அளவுகளில் கூடுதலானதுதான் கண்ணில் படும். அதே பூனைக்கு ஊசி போட்ட ஐந்தாறு மணி நேரத்தில் 130 இருக்கலாம், 260-உம் இருக்கலாம். முதலாவது என்றால் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது, அதை இரட்டிப்பாக்கினால் பூனை மயங்கி விழும். இரண்டாவது என்றால்தான் அளவைக் கூட்டுவது பற்றி யோசிக்கவே இடமிருக்கிறது. இதைக் கண்டறிவதற்காகத்தான் 12 மணி நேரத்துக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதித்துக் குறித்து, அன்றைய ஏற்ற இறக்கத்தை வரைபடமாக மருத்துவர் பார்க்கிறார். அதுவும், புதிய அளவுக்கு உடல் பழக ஒரு வாரமாவது கொடுத்த பிறகு. கூட்ட நேர்ந்தாலும் வழக்கமாக அரை யூனிட், மிஞ்சினால் ஒரு யூனிட்.

பூனையை வளர்ப்பவர்கள் எண் உயர்ந்திருப்பதைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். என் அச்சம் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சில நாள் 300-இல் நிற்கும் சர்க்கரை, பூனை சாப்பிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக இருக்கும்வரை, அவசரமான ஆபத்து அல்ல. ஒரே வேளை கூடிப்போன இன்சுலினோ சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும்.

வீட்டுக் கருவி காட்டும் எண்ணையும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மனிதர்களுக்கான கருவிகள் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பூனைகளுக்கென்று அளவமைக்கப்பட்ட கருவி கிடைத்தால் அதுவே நல்லது. எதை வாங்கினாலும் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். தவிர, மிரண்ட பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறும். நோயே இல்லாத பூனைக்குக்கூட மருத்துவமனை மேசையில் கணிசமாக ஏறுவதுண்டு. அதனால்தான் நோயை உறுதிப்படுத்த, கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமின் பரிசோதனையையும் மருத்துவர்கள் செய்கிறார்கள். பழகிய மடியில், காது மடலை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, ஓரத்து இரத்தக் குழாயில் குத்தி எடுத்த ஒரு சொட்டு, பதறிய நிலையில் எடுத்ததைவிட நம்பகமானது.

ஊசி போடும் விதத்துக்கு வருகிறேன். பெரும்பாலோர் பிடரியில் போடுகிறார்கள். அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதால் விலாப்பக்கம், வயிற்றின் ஓரம் ஆகிய இடங்களை நான் விரும்புவேன், அங்கும் ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தாமல் மாற்றி மாற்றி. பூனை சாப்பிடத் தொடங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, தோலை மூன்று விரலால் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் சாய்வாகச் செருகுங்கள். மேலிருந்து குத்தினால் ஊசி மறுபக்கத் தோலையும் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும், மருந்து உரோமத்தில் வழியும். அப்படி உரோமம் நனைந்தாலோ, உள்ளே போனதா என்ற ஐயம் எழுந்தாலோ, மறுபடி போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் தவறட்டும். அடுத்த வேளைக்கு வழக்கமான அளவை மட்டும் போடுங்கள். ஊசி மெல்லியது, பெரும்பாலான பூனைகள் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லை. உங்கள் கைநடுக்கம் பத்து நாளில் போய்விடும்.

இன்னொன்றை இன்றே சரிபாருங்கள். இன்சுலின் குப்பியில் 'யு-40' அல்லது 'யு-100' என்று அச்சிட்டிருக்கும்; ஒரு மில்லியில் எத்தனை யூனிட் மருந்து என்பதே அந்த எண். சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். சிரிஞ்சு தீர்ந்துபோய் அவசரத்துக்கு வேறொன்றை வாங்கும் நாளில்தான் இந்தத் தவறு நேர்கிறது. அரை யூனிட் கோடு போட்ட, 0.3 மில்லி கொள்ளளவுள்ள சிரிஞ்சு உங்கள் அளவுக்கு வசதியாக இருக்கும். குப்பி குளிர்பெட்டிக்குள் இருக்கட்டும், ஆனால் உறையும் இடத்துக்கு அருகில் வேண்டாம். எந்த மருந்தை உருட்ட வேண்டும், எதைக் குலுக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும். உறைக்குள் இருக்கும் தாளில் எழுதியபடி செய்யுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு. என்னிடம் வந்த ஒரு வீட்டில், காலையில் கணவர் ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போக, அது தெரியாமல் மனைவியும் போட்டுவிட்டார். பூனை பிழைத்தது, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது, குளிர்பெட்டிக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, போட்ட உடனே நேரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்திடுங்கள் என்பதுதான். அதே நோட்டில் அன்றாடம் குடித்த தண்ணீரையும், வாரம் ஒரு முறை எடையையும் குறியுங்கள். தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழித்தால் கணக்கு கிடைத்துவிடும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது மிகை. 50-ஐ நெருங்க நெருங்க நிலைமை சீர்படுகிறது என்று பொருள். கருவியின் எண்ணைவிட இந்தக் கணக்கை நான் பல சமயம் அதிகம் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பூனைக்கு எப்போதும் உலர்தீனிதான்; கிண்ணம் நாள் முழுவதும் நிறைந்திருக்கும். இப்போது ஈர உணவுக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஒரே நாளில் மாற்றிவிடலாமா? பருமனாக இருப்பதால் சாப்பாட்டையும் பாதியாக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: மாற்றுவது சரி, அவசரம்தான் சரியல்ல. பூனை இறைச்சியுண்ணி, உலர்தீனியைக் கட்டியாக வார்ப்பதற்கு மாவுச்சத்து தேவைப்படுவதால், பெரும்பாலான உலர்தீனிகளில் அது பூனைக்கு வேண்டியதைவிட மிக அதிகம். புரதம் மிகுந்து மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாறும்போது, சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே சில நாட்களில் சட்டென்று சரிந்துவிடும். பழைய அளவிலேயே ஊசி தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். எனவே மாற்றும் தேதியை மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களில் அடிக்கடி சோதித்து, ஒன்றிரண்டு வாரத்தில் சிறுகச் சிறுக மாற்றுங்கள்.

பாதியாக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பருத்த பூனை திடீரென்று பட்டினி கிடந்தால் உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, சர்க்கரையைவிடக் கொடிய நோயாகிவிடும். வாரத்துக்கு உடல் எடையில் 1 விழுக்காடு அளவில் குறைந்தால் போதும். ஆறு கிலோ பூனைக்கு அது வெறும் 60 கிராம்.

கேள்வி: நேற்று ஊசி போட்ட நாலு மணி நேரத்தில் பூனை தள்ளாடியது, சுவரையே வெறித்துப் பார்த்தது. கொஞ்சம் சாப்பிட்ட பிறகு சரியாகிவிட்டது. இது எதனால்?

பதில்: இன்சுலின் மிஞ்சி, சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளங்கள் இவை, சோர்வு, நடுக்கம், இலக்கில்லாத பார்வை, பிறகு வலிப்பு என்று படிப்படியாகப் போகும். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். சாப்பிட மறுத்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, கையோடு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, விரலையும் பற்களுக்கிடையே விடக் கூடாது. பூனை தேறிவிட்டது என்பதற்காக அடுத்த ஊசியை வழக்கம்போல் போட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் பேசிய பிறகே போட வேண்டும், அநேகமாக அளவு குறையும். ஊசி நேரத்தில் பூனை சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் இதேதான்: முதலில் தொலைபேசி, பிறகு ஊசி.

சாப்பிடாததோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்து, மூச்சில் அழுகிய பழ வாடையும் வீசினால் அது வேறு கதை. சர்க்கரைக்குப் பதில் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் உடலில் சேர்கிறது, மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பூனை பின்கால்களின் குதியைத் தரையில் பதித்து, முயல்போல் நடக்கிறது. மூட்டு வலியா?

பதில்: பெரும்பாலும் இல்லை; சர்க்கரை கூடியே இருந்ததால் கால் நரம்புகள் பழுதானதன் விளைவு. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். அதுவரை உயரமான இடங்களுக்குத் தாவ விடாமல் படிபோல் எதையாவது வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஊசிக்குப் பதில் மாத்திரை இருக்கிறதாமே? வாழ்நாள் முழுக்க ஊசிதானா?

பதில்: இருக்கிறது. பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்துக்கு 2023-இலும் ஒப்புதல் தந்தது. மிகையான சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது இவற்றின் வேலை. ஆனால் அந்த ஒப்புதல், முன்பு இன்சுலின் போட்டிராத, நன்றாகச் சாப்பிட்டு மற்றபடி நலமாக இருக்கும் பூனைகளுக்கானது. சர்க்கரை எண் சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறும் அபாயமும் உண்டு. உங்கள் பூனைக்கு ஏற்கெனவே ஊசி தொடங்கிவிட்டதென்றால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனிதர்களின் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வாழ்நாள் முழுக்க என்பதும் கட்டாயமல்ல. நோய் தெரிந்த சில மாதங்களுக்குள் சர்க்கரையை இறுகக் கட்டுப்படுத்தி, உணவையும் எடையையும் சரிசெய்த பூனைகளில் சில, இன்சுலினே இல்லாமல் நிலைத்துவிடுகின்றன. கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்கள் அதிகச் சர்க்கரையின் சுமையால் களைத்துப்போயிருக்கும். அந்தச் சுமை இறங்கினால், முற்றிலும் அழியாதவை மீண்டும் வேலையைத் தொடங்கும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு கொடுத்துவந்ததால் சர்க்கரை வந்திருந்தால், மருத்துவர் அதை நிறுத்தும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் ஊசி நின்ற வீடுகளில் நோட்டும் கருவியும் பரணுக்குப் போய்விடக் கூடாது. நோய் திரும்புவது உண்டு, திரும்பும்போது முதலில் காட்டிக்கொடுப்பது மறுபடி காலியாகத் தொடங்கும் தண்ணீர்க் கிண்ணம்தான்.